தகிட தகதிமி ராக்



'புராக்ரெசிவ் ராக்' என்ற மேற்கத்திய இசை வகையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு அல்ல அது. நீளும், நடுவழியில் தாளம் மாறும். 1973-ல் பிங்க் ஃபிளாய்ட் குழு வெளியிட்ட 'மனி' பாட்டின் பெரும்பகுதி 7 எண்ணிக்கையில் நடக்கிறது. நம் மிருதங்கக் கணக்கில் மிஸ்ரம். 1972-ல் ஜெத்ரோ டல் குழு, இசைத்தட்டின் இரு பக்கமும் ஒரே பாட்டாக, 40 நிமிடத்துக்கு மேல் வாசித்தது. அதன் உறையே 12 பக்கச் செய்தித்தாள்!

இணையம் வராத நாளில் இதையெல்லாம் நம் ரசிகர்களுக்குச் சொன்னவை பத்திரிகைகள்தான். 1967 முதல் 1977 வரை கல்கத்தாவின் 'ஜே.எஸ்.' இதழ், 1993-ல் அலகாபாத்தில் அமித் சைகல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்'. இணையம் வந்த பிறகும், இங்கிலாந்தில் இந்த இசைக்கென்றே 'புராக்' என்ற தனி இதழ் 2009-ல் பிறந்தது.

பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், 2002-ல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் பாடினார். நம் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். கர்நாடக சங்கீதத்தையும் இந்த ராக்கையும் இணைக்கும் 'அகம்' குழுவும் அதே பெங்களூருதான்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து பேருந்தில் வரும்போது, தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகதிமி. எண்ணிக்கை ஏழு!