இருபத்துநான்கு பரிமாணத்தில் ஒரு சென்னைக் கணக்கு

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையை வரைபடத்தில் குறிக்க இரண்டு எண்கள் போதும்: வடக்கே சுமார் 13.1 பாகை, கிழக்கே 80.1 பாகை. அங்கிருக்கும் விமானப்படை நிலையத்துக்கு மேலே ஒரு விமானம் பறந்தால் உயரத்தையும் சேர்த்து மூன்று எண்கள். பள்ளிக்கூடக் கணக்கு இதோடு நின்றுவிடும். விமானிக்கு இது போதாது. மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா, இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறிவிடாத ஆறு எண்கள் இவை. ஆகவே விமானத்தின் நிலை, ஆறு பரிமாண வெளியில் ஒரு புள்ளி. அந்த வெளியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் விமானிகள் தினமும் அதற்குள்தான் வேலை செய்கிறார்கள். பரிமாணத்தை எண்ணுவதற்குக் கண் தேவையில்லை, சுதந்திரமான அளவுகளை எண்ணத் தெரிந்தால் போதும் என்பதே என் வாதம்.

உடனே ஒரு மறுப்பு வரும்: எண்களை வரிசையாக எழுதிவைத்து அதற்கு 'வெளி' என்று பெயர் சூட்டினால் ஆயிற்றா? நியாயமான கேள்விதான். வெளி என்றால் அதில் தூரமும் கோணமும் இருக்க வேண்டும். நம் இஷ்டத்துக்கு வளையாத விதிகளும் இருக்க வேண்டும். தூரத்துக்கு பைதாகரஸ் தேற்றம் இருக்கிறது. இரண்டு எண்களின் வர்க்கங்களைக் கூட்டுவதுபோல் இருபத்துநான்கு எண்களின் வர்க்கங்களையும் கூட்டலாம், எதுவும் உடைந்துபோகாது. விதிகளுக்கு ஒரு ரூபாய் நாணயமே சாட்சி. ஒரு நாணயத்தைச் சுற்றி, அதைத் தொடும்படி அதே அளவு நாணயங்கள் ஆறைத்தான் வைக்க முடியும். பந்தாக இருந்தால் பன்னிரண்டு. பதின்மூன்றாவது பந்துக்கு இடம் உண்டா என்று 1694-இல் நியூட்டனுக்கும் டேவிட் கிரிகரிக்கும் கருத்து வேறுபாடு என்பார்கள். இடமில்லை என்பது 1953-இல்தான் நிறுவப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற மூன்று பரிமாணத்திலேயே கண் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பரிமாணத்தில் விடை 240. இருபத்துநான்கில் 1,96,560. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நாமாக இட்டுக்கட்டிய வெறும் பட்டியல் இவ்வளவு பிடிவாதமாக இருக்காது.

இந்த 1,96,560-க்குள் நம்மூர்க்காரர் ஒருவர் ஒளிந்திருக்கிறார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1914-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறிய ராமானுஜன், 1916-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முடிவில்லாத ஒரு பெருக்கலை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தி விரித்தால் 1, −24, 252, −1472 என்று கெழுக்கள் வரும். அவற்றைத்தான் அவர் ஆராய்ந்தார். ஓர் எண்ணின் வகுத்திகளை எல்லாம் 11-ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி, அந்த எண்ணுக்குரிய கெழுவைக் கழித்தால், மிச்சம் எப்போதும் 691-ஆல் மீதியின்றி வகுபடும் என்பது அவர் கண்டது. 2-ஐ எடுத்துப் பார்ப்போம். வகுத்திகள் 1, 2. பதினோராம் அடுக்குகள் 1, 2048, கூட்டினால் 2049. கெழு −24, அதைக் கழித்தால் 2073. அதாவது 691-ஐப் போல் மூன்று மடங்கு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து ஜான் லீச் என்பவர் இருபத்துநான்கு பரிமாணத்தில் பந்துகளை மிக நெருக்கமாக அடுக்கும் முறை ஒன்றைக் கண்டார். அதில் நடுப்பந்தைத் தொடும் பந்துகள் எத்தனை என்று பார்த்தால், அந்த மூன்றை 65,520-ஆல் பெருக்க வேண்டும்: 1,96,560. 3-க்கு இதே கணக்கைப் போட்டால் அடுத்த வட்டத்தில் உள்ள பந்துகள் கிடைக்கும்: 1,67,73,120. ராமானுஜனின் கட்டுரையில் பந்தும் இல்லை, அடுக்கும் இல்லை. கணிதவியலாளர் மரினா வியாசோவ்ஸ்கா 2016-இல் எட்டுப் பரிமாணத்திலும், உடனே மற்ற நால்வரோடு சேர்ந்து இருபத்துநான்கிலும், அதுவரை தெரிந்திருந்த அடுக்குகளைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று நிறுவினார். அதற்குக் கைகொடுத்தவையும் ராமானுஜன் புழங்கிய அதே குடும்பத்துச் சார்புகள்தான். அந்தச் சாதனைக்காக 2022-இல் வியாசோவ்ஸ்காவுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்பவர்களுக்கு வாயேஜர் விண்கலங்களைக் காட்டலாம். வியாழன், சனி கிரகங்களின் வண்ணப் படங்களை அனுப்பும்போது அவை கோலே குறியீட்டைப் பயன்படுத்தின. பன்னிரண்டு பிட் தகவல் இருபத்துநான்கு பிட்டாக விரித்து அனுப்பப்படும். செல்லுபடியாகும் சொற்கள் ஒன்றுக்கொன்று குறைந்தது எட்டு இடங்களிலாவது வேறுபடும். வழியில் மூன்று பிட் கெட்டுப்போனாலும், வந்து சேர்ந்த சொல்லுக்கு மிக அருகில் இருப்பதே அசல். இருபத்துநான்கு பரிமாணத்தில் 'அருகில்' என்பதற்குப் பொருள் இருப்பதால்தான் இது நடக்கிறது. லீச்சின் அடுக்கையும் இதே குறியீட்டின் மேல் எழுப்பலாம்.

அப்படியானால் நாம் நடமாடும் உலகத்துக்கே கூடுதல் பரிமாணங்கள் உண்டா? இது வேறு கேள்வி. ஆவிகளை நான்காம் பரிமாணத்தில் குடிவைப்பவர்கள் இரண்டையும் கலந்து குழப்புகிறார்கள். கணக்கில் இருபத்துநான்கு பரிமாணம் முரணின்றி நிற்கிறது என்பதால் இயற்கை அதைக் கைக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. இயற்பியலில் 1921-இல் கலூட்சாவும் 1926-இல் கிளைனும் சுருண்டு கிடக்கும் ஒரு கூடுதல் திசையை முன்வைத்தார்கள். ஆரம்பகால இழைக் கோட்பாடு 26 பரிமாணம் கேட்டது. இழை அதிரக்கூடிய திசைகள் அதில் 24, ராமானுஜனின் அதே அடுக்கு. பொருத்தம் அழகானது, ஆனால் அழகு சாட்சியம் ஆகாது. சாட்சியத்தைத் தேட வழி இருக்கிறது: கூடுதல் திசை ஓரளவு பெரிதாக இருந்தால், மிகக் குறுகிய தூரத்தில் ஈர்ப்பு விசை நியூட்டன் சொன்னதைவிட வேகமாகக் கூட வேண்டும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசைக் கொண்டு 52 மைக்ரோமீட்டர் வரை அளந்து 2020-இல் முடிவை வெளியிட்டது. தலைமுடியின் தடிமனை ஒட்டிய அந்தத் தூரத்திலும் நியூட்டனின் விதி பிசகவில்லை.