பல்லின் வேர்க்குழாயும் கிருமிகளும்



கிள்ளானுக்கு அப்பால் உள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பல்வலியோடு பட்டணத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவோடுதான் வருகிறார்கள். "பிடுங்கிருங்க டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்பார்கள். பல்லைக் காப்பாற்றலாம், அதற்கு இரண்டு மூன்று தடவை வரவேண்டும் என்று டாக்டர் சொன்னால், முதல் தடவையில் வலி நின்றதும் மறு தடவை வராமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் சம்பளம் போகிறது. பேருந்துச் செலவு வேறு. அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் வலி நிற்பது வேறு, கிருமி ஒழிவது வேறு. அது எப்படி என்பதை இன்று காண்போம்.

பல் கல்லைப்போல் கெட்டியாகத் தோன்றினாலும் அதன் நடுவே மெல்லிய சதை இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் அதில் ஓடுகின்றன. அந்தச் சதை வேரின் நுனிவரை செல்லும் ஒடுங்கிய வழியைத்தான் வேர்க்குழாய் என்கிறோம். சொத்தை ஆழமாகிவிட்டால் வாயிலுள்ள கிருமிகள் உள்ளே புகுகின்றன. சதை அழுகி இறக்கிறது. இறந்த சதைக்கு இரத்தம் போவதில்லை. ஆகவே நாம் விழுங்கும் மாத்திரையும் அங்கே போய்ச் சேருவதில்லை. மாத்திரையால் வீக்கம் வடியலாம்; கிருமிகள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். பல்லில் வைக்கும் கிராம்பு எண்ணெயும் வலியை மரத்துப்போகச் செய்யுமே தவிர, வேரைச் சுத்தம் செய்யாது.

கிருமிதான் குற்றவாளி என்பதை 1965இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துத் தெளிவாகக் காட்டினார்கள். கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பல்லைத் துளைத்து உட்சதையைத் திறந்து விட்டார்கள். உணவு போய் அடைத்தும் அந்தச் சதை சாகவில்லை. காயம் ஆறத் தொடங்கியது. சாதாரண எலிகளிலோ சதை அழுகிச் சீழ் பிடித்தது. ஆகவே வேர்ச் சிகிச்சையின் முதல் வேலை கிருமியை வெளியேற்றுவதுதான்.

அதை எப்படிச் செய்வது? குறுகிய வாயுள்ள போத்தலுக்குள் அழுக்கு ஒட்டியிருந்தால் என்ன செய்வோம்? தண்ணீரை மட்டும் ஊற்றினால் போகாது. சுரண்டவும் வேண்டும், அலசவும் வேண்டும். பல் மருத்துவரும் அவ்வாறே செய்கிறார். நுனியில் 0.10 மில்லிமீட்டர் மட்டுமே பருமனுள்ள சிறு அரத்தில் தொடங்கி, படிப்படியாகத் தடித்த அரங்களைக் கொண்டு குழாயின் சுவரைச் சீவுகிறார். மேலே அகன்று கீழே ஒடுங்கும் புனல்போல் குழாய்க்கு வடிவம் கொடுக்கிறார். இந்த முறையை 1974இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் ஷில்டர் விளக்கி எழுதினார்.

அரம் மட்டும் போதுமா? சுவீடன் நாட்டில் 1981இல் வெளியான ஓர் ஆய்வில், அரத்தால் சீவி உப்பு நீரால் கழுவியபோது கிருமிகள் நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்குவரை குறைந்தன. ஆயினும் சில பற்களில் திரும்பத் திரும்பச் செய்தும் கிருமி எஞ்சியிருந்தது. 1983இல் அதே ஆய்வாளர்கள் உப்பு நீருக்குப் பதிலாகச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு என்னும் கிருமிநாசினியைப் பயன்படுத்தியபோது பலன் கூடியது. 2001இல் சூரிச் நகரில் நுண் கதிர்ப்படங்கள் எடுத்துப் பார்த்தவர்கள், குழாய்ச் சுவரில் நூற்றுக்கு 35 பங்கோ அதற்கு மேலோ அரம் படாமலே இருந்ததைக் கண்டார்கள். வேர்க்குழாய் வட்டமாகவும் நேராகவும் இருப்பதில்லை; வளைவும் கிளையும் உண்டு என்பதே காரணம்.

அப்படியானால் சீவுவது எதற்கு? மருந்து நீர் போவதற்குப் பாதை போடத்தான். அந்நீரைச் செலுத்தும் மெல்லிய ஊசியே ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் பருமனுடையது. ஊசி முனையைத் தாண்டி நீர் வெகுதூரம் போகாது. குழாய் ஒடுங்கியே இருந்தால் நுனியிலுள்ள கிருமியை மருந்து தொடாது. அதற்காக மிகையாகச் சீவிவிடவும் கூடாது. வேர் மெலிந்து பிளந்துவிடும். பால்மரம் வெட்டியவர்களுக்கு இது நன்கு விளங்கும். மேலாகச் சீவினால் பால் வராது; உளி ஆழமாகப் போனால் மரத்தில் புண் விழும். அளவறிந்து செய்வதால்தான் இந்தச் சிகிச்சைக்கு நேரமும் பொறுமையும் வேண்டியிருக்கின்றன.

ஒரே தடவையில் முடியும் பற்களும் உண்டு. மறு தடவை வரச் சொன்னால், இடையில் எஞ்சிய கிருமிகளை ஒடுக்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் மருந்தை உள்ளே வைப்பது வழக்கம். இது சுண்ணாம்பு இனந்தான். அதற்காக வெற்றிலைச் சுண்ணாம்பை நாமே பல்லில் அப்பக்கூடாது, வாய் வெந்துவிடும். மருந்து வைத்து மேலே போடும் அடைப்பு தற்காலிகமானது. அது தேய்ந்தோ உடைந்தோ போனால் எச்சிலோடு புதிய கிருமிகள் இறங்கும்; செய்த வேலையெல்லாம் வீணாகும்.

இந்தச் சிகிச்சையில் நம் மண்ணுக்கும் நம் உழைப்புக்கும் பங்குண்டு. எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் மெல்லிய ரப்பர்த் தாள் 1864 முதல் வழக்கில் உள்ளது. அது பால்மரம் தந்தது. சுத்தமான குழாயை இறுதியில் அடைக்க உதவும் கட்டாபெர்ச்சா, மலாயாக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால்.

பல் மருத்துவம் படிக்க 1972 முதல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே இடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேர் பிளந்துபோன பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். மற்றப் பற்களுக்கு, "இதைக் காப்பாற்ற முடியுமா, எத்தனை தடவை வரவேண்டும், செலவு எவ்வளவு?" என்று முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். தொடங்கிய சிகிச்சையை முடித்துவிடுங்கள். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி போன பிறகும் மறு தடவை போகிறோமே, அந்தப் பயணந்தான் பல்லைக் காப்பாற்றுகிறது.