டிவிடி படமும் திரையின் அளவும்

1973ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகும். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய மன்னனின் கதையாதலால் நம் பகுதியினர்க்கு அதன்மேல் தனி ஆவல் உண்டு. இத்தகைய படங்களை வீட்டில் டிவிடி தட்டில் காணுங்கால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை தோன்றுவதையும், ஆட்கள் நெடிது மெலிந்தோ, குறுகிப் பருத்தோ தெரிவதையும் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். பெட்டி பழுதென்றெண்ணிப் பணம் செலவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் அது பழுதன்று, அளவு பொருந்தாமையே. அதைச் சரிசெய்யக் காசு வேண்டுவதில்லை.

துணிக்குப் பன்னா இருப்பதுபோலப் படத்திற்கும் அகல உயர விகிதம் உண்டு. பழைய பெட்டிகளின் திரை 4:3. அகலம் நான்கு பங்கானால் உயரம் மூன்று. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு இலவசமாய் வழங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிகளும் இவ்வகையினவே. இன்றைய தட்டைத் திரை 16:9. சினிமாஸ்கோப் படமோ உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.35 மடங்கு அகலமுடையது.

14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 11.2 அங்குலம், உயரம் 8.4 அங்குலம். சினிமாஸ்கோப் படம் முழு அகலமும் அதில் அடங்கினால், உயரம் ஏறக்குறைய 4¾ அங்குலமே வரும். எஞ்சிய இடமே கறுப்புப் பட்டை. அப்பட்டை வேண்டாவென்று திரையை நிரப்பினால், இருபுறமுமாக நூற்றுக்கு 43 பங்கு படம் வெட்டுண்டு போகும். அரசவையின் ஓரத்தில் நிற்போர் மறைந்து போவர். சேலையின் இரு கரைகளையும் கத்தரித்து எறிந்துவிட்டு உடலை மட்டும் வைத்துக்கொள்வதற்கு இஃது ஒப்பாகும்.

இனிச் சரிசெய்யும் முறையைக் காண்போம். பிளேயரின் ரிமோட்டில் 'செட்அப்' பொத்தானை அமுக்கி, 'டிவி டைப்' என்னும் இடத்திற்குச் செல்லவேண்டும். பழைய பெட்டிக்கு '4:3 லெட்டர் பாக்ஸ்', தட்டைத் திரைக்கு '16:9' என வைத்திடுக. 'பேன் ஸ்கேன்' ஓரங்களை வெட்டுவதாதலால் அதனை விலக்குக.

அகலப் படங்களைப் பல தட்டுகளில் பக்கவாட்டில் நெருக்கியே பதிப்பர். அவற்றை விரித்துக் காட்டுவது அகலத் திரையின் வேலை. பழைய பெட்டிக்கு 16:9 என வைத்தால் அவ்விரிவு நேராது; ஆட்கள் மெலிந்து தெரிவர். மாறாக, 4:3 அளவில் எடுத்த பழம்படத்தை அகலத் திரை முழுதும் இழுத்தால், யாவரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவர். தொலைக்காட்சி ரிமோட்டின் பட அளவுப் பொத்தானால் 4:3 ஆக்கினால் உருவம் சீராகும். நாற்புறமும் கறுப்பு நின்றால், பட்டையோடு சேர்த்துப் பதித்த தட்டென்று அறிக. 'ஜூம்' செய்தால் போதும்.

சரியாயிற்றா என்றறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நேராகத் தெரியும் வண்டிச் சக்கரமோ, முழுநிலவோ திரையில் வருகையில் படத்தை நிறுத்தி, ஒரு நூலால் அதன் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்க்கலாம். இரண்டும் ஒத்திருந்தால் அமைப்பு சரியே. அதன் பின்னும் மேலும் கீழும் எஞ்சும் கறுப்புப் பட்டை குறையன்று. படம் வெட்டுப்படாமல் வந்திருப்பதற்கு அதுவே சாட்சி. எவ்வகையில் மாற்றியும் வட்டம் வட்டமாகாவிடின், வேறொரு தட்டை இட்டுப் பார்த்து, அதன் பின்னரே பழுதுபார்ப்பவரை நாடுவோமாக.