டைல்ஸ் முடிந்து மரம் தொடங்கும் இடம்

ஹாலுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ், படுக்கையறைக்கு மரத்தளம் என்பது சென்னை அடுக்குமாடி வீடுகளில் இன்று சாதாரணம். தரைக்கென்று பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்கள், இரண்டும் சந்திக்கும் அந்த மூன்றடி வாசலை மட்டும் கடைசி நாள் வேலையாக விட்டுவிடுகிறார்கள். மேஸ்திரி மிச்சமிருக்கும் கிரவுட்டைக் குழைத்துச் சந்தில் அப்பிவிட்டுக் கிளம்புவார். அடுத்த மழைக்காலம் வரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

காற்றில் ஈரம் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். இழை ஓடும் நீளவாக்கில் இந்த அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். ஐப்பசி அடைமழையில் அகலும் பலகை, நாளெல்லாம் ஏசி ஓடும் அறையில் குறுகும். டைல்ஸோ இருந்த இடத்திலேயே இருக்கும். நடுவில் கிரவுட்டை இறுக்கினால் அது பொடிந்து உதிரும். உதிராவிட்டால் இன்னும் மோசம், போக்கிடம் இல்லாத மரம் உப்பிக்கொண்டு எழும். மரத்தளம் என்ற பெயரில் போடும் லேமினேட் தளம் தரையில் ஒட்டாமல் ஃபோம் விரிப்பின் மேல் மிதப்பது. அதற்குச் சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் சந்து விடுவதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வாசலில் மட்டும் மனசு வருவதில்லை.

சந்தை மூடலாம், அடைக்கக் கூடாது. அதற்குத்தான் ‘T’ வடிவப் பட்டியான டி ப்ரொஃபைல். அலுமினியத்திலும் பித்தளையிலும் கிடைக்கிறது. அதன் கால் சந்துக்குள் இறங்கி அடித்தளத்தைப் பிடிக்க வேண்டும். மரத்தோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கினால் மிதக்கும் தளத்துக்கு ஆணி அடித்த மாதிரிதான். கதவு மூடியிருக்கும்போது பட்டி கதவுக்கு நேர் கீழே வரட்டும். எந்த அறையிலிருந்து பார்த்தாலும் மற்றத் தரை தெரியாது.

இரு தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் டி ப்ரொஃபைல் பொருந்தும். பில்டர் போட்ட டைல்ஸை உடைக்க மனமில்லாமல் அதன் மேலேயே லேமினேட் விரிப்பதுதான் இங்கே வழக்கம். 8 மில்லிமீட்டர் பலகை, 2 மில்லிமீட்டர் ஃபோம், ஆக வாசலில் ஒரு சென்டிமீட்டர் படி. கதவின் அடியையும் சீவ வேண்டிவரும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள் சுமார் 6 மில்லிமீட்டர் வரைதான் செங்குத்தான ஏற்றத்தை அனுமதிக்கின்றன. அதற்கு மேல் 13 மில்லிமீட்டர் வரை சரிவு கொடுக்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நாமும் அப்படிச் செய்வதே நல்லது. சரிவான ரெடியூசர் பட்டி அந்த வேலையைச் செய்யும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாம்: டைல்ஸ் கலவை போடும் முன்பே மரத்தின் கனத்தைச் சொல்லிவிட்டால் மேஸ்திரி மட்டம் பார்த்துக்கொள்வார்.

உலோகப் பட்டி பிடிக்காதவர்கள் கார்க் பட்டை வைக்கலாம். மரம் நெருக்கினால் அமுங்கும், விலகினால் நிமிரும், பக்கவாட்டில் பிதுங்காது. அறுகோண டைல்ஸ் சிதறி மரத்துக்குள் ஓடுவது போன்ற படங்களைக் காட்டிக் கேட்பவர்களும் உண்டு. அழகுதான். ஆனால் ஒவ்வொரு முனைக்கும் பலகையை அளந்து வெட்டி, அங்கே தரையோடு ஒட்டியாக வேண்டும். மிதக்கும் லேமினேட்டில் அதைச் செய்யத் துணிபவரை நான் தடுத்துத்தான் பார்ப்பேன்.

எந்தப் பட்டியானாலும் நம் ஊரில் அதற்கு எதிரி வாளித் தண்ணீர். ஹாலை ஈர மாப்பால் துடைக்கும்போது நீர் இந்தச் சந்தில்தான் இறங்கும். லேமினேட்டின் உள்ளே இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை, ஓரம் நனைந்தால் ஊதிவிடும், பிறகு வற்றாது. ஆகவே உலோகப் பட்டியின் டைல்ஸ் பக்கச் சிறகின் அடியில் ஒரு கோடு சிலிக்கான் கட்டாயம் ஓட்டச் சொல்லுங்கள். மரத்தின் பக்கம் வேண்டாம், அது நகரட்டும்.