வீட்டு விலை ஏற்றத்துக்கு யார் பொறுப்பு?
பிரிட்டனின் அனுபவமும் கூட்டுறவாளர் பெறும் பாடமும்

நூல் விலை ஏறும்போது நெசவாளர் வீதிகளில் பதுக்கல்காரரைப் பற்றிய பேச்சே முதலில் எழுகிறது. வெங்காய விலை ஏறினால் மண்டிக்காரர்மீது பழி விழுகிறது. விலையை ஏற்றும் காரணங்கள் பலவாயினும், அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவர் மனிதர் ஒருவரே. ஆதலின் குற்றம் முழுவதையும் அவர் தலையில் ஏற்றிவிடுவது உலக இயல்பு. அந்தப் பழியில் உண்மை எவ்வளவு என்பதை அளந்து பார்ப்பதே நம் கடமை.

பிரிட்டனில் வீட்டு விலையைப் பற்றிப் பல ஆண்டுகளாக இத்தகைய விவாதம் ஒன்று நடந்து வருகிறது. கடன் பெற்று வீட்டை வாங்கி, அதனை வாடகைக்கு விட்டு, அவ்வாடகையைக் கொண்டே கடனைத் தாங்குவோரை அங்கு 'பை-டு-லெட்' உடைமையாளர் என்பர். விலையேற்றத்துக்கு இவர்களே காரணம் என ஒரு சாராரும், இது வீண்பழி என மற்றொரு சாராரும் கூறுகின்றனர். கடன் கொடுப்பதையும் வாங்குவதையும் அன்றாட அலுவலாகக் கொண்ட நம் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு இதில் கற்க வேண்டியது உண்டு.

நடந்தது என்ன?

பிரிட்டனில் வாடகைக் கட்டுப்பாடு 1915-ம் ஆண்டில் தோன்றிப் பல வடிவங்களில் நீடித்து வந்தது. 1988-ம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இதனை மாற்றியது. அடுத்த ஆண்டு முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகக் குடியேறுவோரிடம் ஒப்பந்தப்படி வாடகை பெறலாம். குறித்த காலம் முடிந்ததும் வீட்டைத் திரும்பப் பெறலாம் என்றாயிற்று. 1996-ம் ஆண்டில் வாடகைத் தரகர்களின் சங்கமும் கடன் நிறுவனங்கள் சிலவும் சேர்ந்து, இத்தொழிலுக்கெனத் தனிக் கடன் முறை ஒன்றை ஏற்படுத்தின. 1998-ம் ஆண்டின் இறுதியில் இத்தகைய கடன்கள் 30,000-க்கும் குறைவு. 2007-ம் ஆண்டின் இறுதியில் அவை 10 லட்சத்தைத் தாண்டின. 1996-க்கும் 2007-க்கும் இடையே சராசரி வீட்டு விலையும் ஏறத்தாழ மும்மடங்காயிற்று.

இரண்டும் ஒருங்கே ஏறின. ஆகவே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இது ஆகிவிடலாகாது. கணக்கைப் பார்ப்போம்.

போட்டியில் சலுகை

ஒரே வீட்டை இருவர் விரும்புகின்றனர். ஒருவர் குடியிருக்க வாங்கும் தொழிலாளி. மற்றவர் வாடகைக்கு விட வாங்குபவர். இருவரும் 1,00,000 பவுண்டை 5 சதவிகித வட்டிக்குக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். தொழிலாளி வட்டியோடு அசலையும் 25 ஆண்டுகளில் தீர்க்க வேண்டும். அவருக்கு மாதத் தவணை சுமார் 585 பவுண்டு. மற்றவரோ பெரும்பாலும் வட்டியை மட்டும் செலுத்தி வருவார். அது மாதம் சுமார் 417 பவுண்டு. தொழிலாளியின் கடன் அவருடைய கூலியைப் பார்த்து அளக்கப்படுகிறது. மற்றவருடையது பெரும்பாலும் எதிர்பார்க்கும் வாடகையைப் பார்த்து அளக்கப்படுகிறது. குடியிருப்போருக்கு வட்டியின்மீது இருந்த வரிச் சலுகை 2000-ம் ஆண்டில் ஒழிந்தது. வாடகைக்கு விடுபவரோ வட்டி முழுவதையும் தொழிற்செலவாகக் காட்ட முடிந்தது. இந்நிலையில் ஏலத்தில் யாருடைய கை உயரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் நூலைப் பதுக்குவதும் வீட்டை வாடகைக்கு விடுவதும் ஒன்றல்ல. பதுக்கிய நூல் தறிக்கு வருவதில்லை. வாடகை வீட்டிலோ ஒரு குடும்பம் வாழ்கிறது. நாட்டில் உள்ள வீடுகளின் தொகை இதனால் குறைவதில்லை. சொந்தக்காரர் குடியிருந்த வீட்டில் குடித்தனக்காரர் குடியிருக்கிறார். ஆகவே விலையின்மீது இவர்களால் விளைந்த பாரம் நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். இதனை ஆராய்ந்த அரசாங்க ஆலோசனைக் குழு ஒன்று, இக்கடன்களால் 2007-ம் ஆண்டின் சராசரி விலை அதிக அளவாக 7 சதவிகிதம் கூடியிருக்கலாம் என 2008-ம் ஆண்டில் கணித்தது. மும்மடங்கான விலையில் இது சிறு பங்கே.

பெரிய காரணங்கள்

எஞ்சிய பங்கு எங்கிருந்து வந்தது? முதலாவது வட்டி. பிரிட்டனின் மத்திய பாங்கு விதித்த வட்டி 1990-ம் ஆண்டில் 15 சதவிகிதம் வரை இருந்தது. 2003-ம் ஆண்டில் 3.5 சதவிகிதத்துக்கு இறங்கியது. ஆண்டுக்கு 6,000 பவுண்டு வாடகை தரும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதலுக்கு 10 சதவிகித வருவாய் வேண்டுமெனில் அதற்கு 60,000 பவுண்டுதான் கொடுக்கலாம். 5 சதவிகிதம் போதுமெனில் 1,20,000 கொடுக்கலாம். வீட்டில் ஒரு செங்கல்கூடக் கூடவில்லை. விலை மட்டும் இரட்டித்துவிட்டது.

இரண்டாவது, வீடு கட்டுதல் குன்றியது. 1968-ம் ஆண்டில் பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றில் கணிசமான பகுதியை நகரசபைகள் கட்டின. 2001-ம் ஆண்டில் மொத்தம் 2 லட்சத்தையும் எட்டவில்லை. நகரசபை வீடுகளில் குடியிருந்தோர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்க 1980-ம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தது. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை போதிய அளவு எழவில்லை. 1947-ம் ஆண்டு முதல் நிலத்தில் கட்டட அனுமதி பெறுவதும் எளிதன்று. பணம் பெருகி, பண்டம் பெருகாவிட்டால் விலை ஏறாமல் என்ன செய்யும்?

இதனைச் சோதிக்க ஒரு வாய்ப்பும் பின்னர் வந்தது. 2016-ம் ஆண்டில் கூடுதல் வீடு வாங்குவோர்மீது 3 சதவிகிதக் கூடுதல் முத்திரைத் தீர்வை விதிக்கப்பட்டது. 2017 முதல் 2020 வரை படிப்படியாக அவர்களது வட்டிச் சலுகையும் குறைக்கப்பட்டது. அவர்கள் வாங்குவது தளர்ந்தது. விலையோ தொடர்ந்து ஏறியது. 2020-க்குப் பின் இரண்டாண்டுகள் விரைந்தே ஏறியது.

அப்படியானால் அவர்கள் குற்றமற்றவர்களா? அன்று. விலையைச் சிறிதே மாற்றிய இவர்கள், வீடு யார் கையில் இருப்பது என்பதைப் பெரிதும் மாற்றிவிட்டனர். இங்கிலாந்தில் 2003-ம் ஆண்டில் 100 குடும்பங்களில் சுமார் 71 சொந்த வீட்டில் வாழ்ந்தன. 2016-17-ல் சுமார் 63. தனியாரிடம் வாடகைக்கு இருந்தவை அதே காலத்தில் 11-லிருந்து 20 ஆயின. வெள்ளத்தைக் கொணர்ந்தது மலிந்த கடன். அது பாய்ந்த வாய்க்கால்களுள் ஒன்று வாடகை முதலீடு.

நமக்குரிய பாடம்

வீட்டுக் கடன் முறை பிரிட்டனில் கூட்டுறவாகவே பிறந்தது. 1775-ம் ஆண்டில் பர்மிங்ஹாமில் ரிச்சர்ட் கெட்லி என்பவரின் விடுதியில் கூடியோர், மாதச் சந்தா சேர்த்து ஒருவர்க்கொருவர் வீடு அமைத்துக்கொள்ளச் சங்கம் கண்டனர். 1844-ம் ஆண்டில் ராச்டேல் முன்னோடிகள் வகுத்த நோக்கங்களிலும் அங்கத்தினர்க்கு வீடு கட்டுதல் இடம் பெற்றது. அவர்களுள் நெசவாளரும் இருந்தனர்.

கம்பளி நெசவுக்குப் பேர்போன யார்க்ஷயரில் 1851-ம் ஆண்டில் தோன்றிய இரு வீட்டுச் சங்கங்கள் 1964-ல் இணைந்து பிராட்ஃபோர்ட் அண்டு பிங்லி என்றாயின. அதன் அங்கத்தினர்கள் வாக்களித்ததன்பேரில் 2000-ம் ஆண்டில் சங்கம் பாங்கு ஆயிற்று. உரிமைக்கு ஈடாகப் பங்குப் பத்திரங்கள் கிடைத்தன. அந்த பாங்கு வாடகை முதலீட்டாளர்க்குக் கடன் தருவதில் முன்னணிக்கு வந்தது. 2008-ம் ஆண்டு செப்டம்பரில் நொடித்து, அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. பிறர் வீடு கட்டத் தம் முன்னோர் சேர்த்த சங்கத்தை, ஒரு வாக்கெடுப்பில் கைவிட்டனர்.

புதிய தறிக்கோ கிணற்றுக்கோ கொடுக்கும் கடன் பண்டத்தைப் பெருக்குகிறது. உள்ள நிலத்தையும் உள்ள வீட்டையும் கைமாற்றுவதற்கே கொடுக்கும் கடன் பெரும்பாலும் விலையைத்தான் பெருக்குகிறது. நிர்வாகக் குழுவின் முன் கடன் மனு வரும்போது, "தவணை திரும்புமா?" என்று கேட்பதோடு, "இதனால் புதிதாக என்ன உண்டாகும்?" என்றும் கேட்டல் வேண்டும். பொதுக்குழுவில் சங்கத்தின் நோக்கத்தை மாற்றும் தீர்மானம் வந்தால், அன்றைய லாபத்தோடு அடுத்த தலைமுறையின் தேவையையும் எண்ணி அங்கத்தினர்கள் கை தூக்குவார்களாக.