உளவளத்துணையும் உத்தியோகமும்

உடல் நோயுற்றவர் வைத்தியரை நாடக் கூசுவதில்லை. உள்ளம் தளர்வுற்றவரோ உளவளத்துணையை நாடப் பெரிதும் அஞ்சுவர். உத்தியோகத்திற்கு ஊறு நேருமோ என்பதே அவ்வச்சத்தின் முதற் காரணமாகும். அது எவ்வளவு பொருந்தும் என்பதை அரசியலாளர் இருவரின் வாழ்க்கை கொண்டு ஆராய்வாம்.

1972ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க சனநாயகக் கட்சியின் உபசனாதிபதி வேட்பாளராகத் தெரிவு செய்யப்பட்டவர் மிசூரி மாநிலத்துச் செனற்றர் தோமஸ் ஈகிள்டன். அவர் 1960க்கும் 1966க்கும் இடையில் மனச்சோர்வின் பொருட்டு மும்முறை வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றவர். இதனைத் தம் கட்சியின் சனாதிபதி வேட்பாளருக்கு அவர் முன்னரே உரைத்திலர். செய்தி வெளிப்பட்டதும் எதிர்ப்பு மூண்டது. தெரிவான 18 நாட்களில் அவர் விலகினார். ஆயினும், சிகிச்சை பெற்ற அவ்வாண்டுகளிலேயே அவர் மாநிலச் சட்டமா அதிபராகவும் பின்னர்த் துணை ஆளுநராகவும் கடமையாற்றினார் என்பது நோக்கற்பாலது. விலகிய பின்னரும் 1974, 1980ஆம் ஆண்டுத் தேர்தல்களில் வென்று 1987 வரை செனற் சபையில் வீற்றிருந்தார். ஆகவே, அவருக்குத் தடையாயது சிகிச்சையன்று. மறைப்பும் அதனாற் பெருகிய ஐயமும் பொதுமக்களின் அச்சமுமே.

நோர்வே நாட்டுப் பிரதமர் ஷெல் மாக்னே பொண்டெவிக் வேறு வழியை மேற்கொண்டார். 1998இல் தாம் மனச்சோர்வுற்றிருப்பதை வெளிப்படையாகக் கூறி, விடுமுறை பெற்றுச் சிகிச்சைக்குச் சென்றார். சில வாரங்களில் மீண்டு வந்து பதவியைத் தொடர்ந்தார். மக்கள் அவரை இகழவில்லை. 2001இல் மீண்டும் பிரதமராகி 2005 வரை ஆட்சி புரிந்தார்.

எனினும் எல்லாத் தொழிலும் ஒரு தன்மையன அல்ல. விமானம் செலுத்துவோரின் உளநலம் பயணிகளின் உயிரோடு தொடர்புடையது. ஆதலின் அங்கே பரிசோதனை இன்றியமையாதது. ஆயின், உண்மை கூறினாற் பிழைப்பே போய்விடும் என்னும் நிலை இருப்பின், நோயுற்றவர் உண்மையை ஒளிப்பர். 2015ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜேர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி தம் நோயை நிறுவனத்திற்கு மறைத்துப் பணிக்கு வந்து, அதனை வேண்டுமென்றே மலையில் மோதவிட்டார். 150 பேர் மாண்டனர். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் 2010ஆம் ஆண்டு முதலே, மனச்சோர்வு நீக்கும் மருந்துகள் சிலவற்றை உட்கொள்ளும் விமானிகளையும் நிபந்தனைகளுடன் பறக்க அனுமதித்தது. மறைப்பைத் தூண்டும் விதியினும் சிகிச்சையைத் தூண்டும் விதியே பயணிகளுக்கும் பாதுகாப்பாகும்.

உளவளத்துணையை நாடுதலால் உத்தியோகத்திற்குத் தீங்கே வாராது என்று உறுதி கூறல் இயலாது. ஆனால் அத்தீங்கு பெரும்பாலும் பிறர் அறியாமையினின்றே பிறப்பது. மருத்துவமின்றி முற்றும் நோயோ தொழிலையும் வாழ்வையும் ஒருங்கே கெடுக்கும். ஆதலின் தொழில் வழங்குவோர், ஒருவர் முன்னர் எவர் துணையை நாடினார் என்று துருவுதலை விடுத்து, இன்று தம் கடமையை ஆற்ற வல்லரோ என்று வினாவுதலே நீதியாகும்.