முதியோரின் முழங்கை முனை முறிவும் சிகிச்சைத் தெரிவும்

முன்னுரை

நின்ற நிலையிலிருந்து கீழே விழுதலே முதியோரின் முழங்கை முறிவுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது. எலும்புப்புரை நோயால் வலுவிழந்த எலும்பு, இளையோருக்குச் சிராய்ப்போடு முடியும் வீழ்ச்சியிலேயே முறிந்துவிடுகிறது. இத்தகைய முறிவுகளுள் அல்னா எலும்பின் மேல்முனையாகிய முழங்கை முனை முறிந்து விலகுதலும் அதற்குரிய சிகிச்சையும் இங்கு விளக்கப்படுகின்றன.

முறிவின் இயல்பும் அறுவை முறையும்

கையை நீட்டும் முத்தலைத் தசை முழங்கை முனையில் இணைந்துள்ளது. முனை முறிந்ததும் அத்தசை முறிந்த துண்டை மேல்நோக்கி இழுப்பதால் இடைவெளி தோன்றுகிறது. இரு கம்பிகளைச் செலுத்தி, எட்டு வடிவில் மற்றொரு கம்பியால் இறுக்கிக் கட்டுவதோ தகடு பொருத்துவதோ வழக்கமான அறுவை முறையாகும். இளையோர்க்கு இது நற்பயன் தருகிறது. முதியோரின் புரையோடிய எலும்போ கம்பியை இறுகப் பற்றுவதில்லை. அவ்விடத்தில் தோலுக்கடியில் தசைப்பற்று இல்லாமையால், நகர்ந்த கம்பி தோலை உறுத்துகிறது. சிலருக்கு அதனை அகற்ற மீண்டும் அறுவை தேவைப்படுகிறது.

அறுவையற்ற முறை

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 19 பேரிடம் நிகழ்ந்த சமவாய்ப்பு ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அறுவைப் பிரிவின் 11 பேருள் 9 பேருக்குச் சிக்கல்கள் நேர்ந்தமையால் அவ்வாய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஓராண்டு முடிவில் கையின் செயல்திறனில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆய்வு சிறியதாயினும், அறுவையின் தேவையை மறுபரிசீலனை செய்ய அது இடமளிக்கிறது.

அறுவையற்ற முறையில் வலி தணியும்வரை கை துணித்தொட்டிலில் தாங்கப்படுகிறது. பின்னர் வலி பொறுக்கும் அளவிற்கு மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்குகிறது. நெடுநாள் மாவுக்கட்டு மூட்டை இறுகச் செய்யுமாதலால் தவிர்க்கப்படுகிறது. முறிந்த துண்டு பல நேரங்களில் எலும்பால் ஒட்டாமல் நார்த்திசுவால் மட்டுமே இணைகிறது. ஊடுகதிர்ப் படத்தில் இடைவெளி எஞ்சும். ஆயினும் உண்ணல், உடுத்தல் முதலிய பெரும்பாலான அன்றாடச் செயல்களுக்கு 30 முதல் 130 பாகை வரையிலான மடக்கமே போதுமானது.

வரம்புகள்

தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவுக்கும், மூட்டு நிலைகுலைந்த முறிவுக்கும் இம்முறை பொருந்தாது. கையை நீட்டும் வலிமை ஓரளவு குறையலாமாதலால், ஊன்றுகோலை நம்பி நடப்போருக்கும் கைகளை ஊன்றி எழுவோருக்கும் முடிவெடுக்குமுன் இதனை விளக்குதல் வேண்டும்.

முடிவுரை

வயது மட்டுமே சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. உடல்நலமும் முறிவின் வகையும் அக்கையால் அம்முதியவர் ஆற்றவேண்டிய பணிகளும் ஒருங்கே எண்ணப்பட வேண்டும். படத்தில் எஞ்சும் இடைவெளியை மூடுவதற்காக மட்டும் அறுவை செய்தல், தளர்ந்த முதியோர்க்கு நன்மையினும் தீங்கை மிகுவிக்கக்கூடும்.